பகலில் கதை, இரவில் கூத்து

மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் இரயில் ரேணிகுண்டாவைத் தாண்டியதும் நம்மவரிற் பலர் படுக்கையைச் சுருட்டத் தொடங்கிவிடுவர். புத்தூர், ஏகாம்பரக்குப்பம் என்னும் நிலையங்கள் வரும், போகும். நடைமேடையில் காதில் விழும் பேச்சில் பாதி தமிழாகவும் பாதி தெலுங்காகவும் இருக்கும். திருப்பதிக்குச் சென்று வேங்கடவனை வணங்கித் திரும்பும் அன்பர்களும் இவ்வூர்களை வழியில் கிடக்கும் ஊர்களாகவே கருதிச் செல்வது வழக்கம். ஆயினும், கல்வியையும் களிப்பையும் ஒன்றாக இணைப்பது எப்படி என்று ஆராய்வோர் முதலில் வந்து காண வேண்டிய பள்ளிக்கூடம் ஒன்று இவ்வழியில்தான் இருக்கிறது. அதற்குக் கட்டடம் இல்லை, பதிவேடு இல்லை. கோடை தொடங்கி ஆவணி வரையில், ஊருக்கு ஊர் முறைவைத்து, திரௌபதியம்மன் கோயில் திடலில் அது நடைபெறும். "எங்கள் ஊரில் இவ்வாண்டு பாரதம் வைத்திருக்கிறார்கள்" என்பது அதற்கு அழைப்பு.

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளையும் சில ஜமீன் நிலங்களையும் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலத்துடன் சென்றது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. 2022இல் பழைய மாவட்டமே பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு பலமுறை நகர்ந்தபோதும் பாரதம் நகரவில்லை. வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களில் தமிழில் நடக்கும் அதே விழா, இங்கே சில ஊர்களில் தமிழிலும் பல ஊர்களில் தெலுங்கிலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் தெருக்கூத்து எனப்படுவது இங்கே வீதி நாடகம் என்ற பெயரும் பெறும்.

விழாவின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இரகசியம் அவ்வமைப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் பதினெட்டு நாள் என்பது கணக்கு. பிற்பகலில், உணவு முடிந்து வெயில் சாயத் தொடங்கும் வேளையில், கதை சொல்பவர் மேடையேறுவார். தமிழ் வழங்கும் ஊர்களில் இவர் பாரதப் பிரசங்கி. வில்லிபுத்தூரார் பாரதத்தைப் படித்துப் பொருள் விரிப்பார். தெலுங்கு வழங்கும் ஊர்களில் அரிகதை சொல்பவர் காலிற் சதங்கையும் கையிற் சப்பளாக்கட்டையுமாக நின்று பாடியும் பேசியும் ஆடியும் கதையை நடத்துவார். அன்றைய பகுதி சூதாட்டம் என்றால், தருமன் ஆடியது சரியா, தன்னையே தோற்றவனுக்கு மனைவியைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்னும் வினாக்களை அவர் எழுப்பிவிட்டுத்தான் இறங்குவார்.

அதே பகுதி, அன்றிரவு பத்து மணிக்குமேல் கூத்தாக வரும். பகலில் காதால் கேட்டதை இரவில் கண்ணால் காண்பர். கிரீடமும் புஜக்கட்டையும் பூண்ட துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து குரல் கொடுக்கும்போதே, அவன் என்ன செய்யப் போகிறான் என்பது திடலில் அமர்ந்துள்ள ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். கதை தெரிந்திருப்பதால் சுவை குறைவதில்லை. "எப்படிச் செய்வான்" என்று பார்க்கவே கூட்டம் வருகிறது. மறுநாட் காலையில் கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் வழக்கு நடக்கும். முதல் நாள் வினா, இரவில் காட்சி, மறுநாள் விவாதம். ஒரே பாடத்தை இவ்வளவு சலிப்பின்றி மூன்று முறை நடத்த இன்றைய பாடத்திட்ட வல்லுநர் எவராலும் இயலுமா என்பது எனக்கு ஐயமே.

சில நாட்களில் ஊரே மேடையாகிவிடும். பகாசுர வதத்தன்று வீமன் வேடம் பூண்டவர் சோறும் கறியும் ஏற்றிய வண்டியில் தெருத்தெருவாக வருவார். அருச்சுனன் தவத்தன்று மிக உயரமான தபசு மரத்தில் நடிகர் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் உதிர்ப்பார். இறுதி நாளில், பல முழம் நீளத்துக்குத் தரையில் மண்ணாற் செய்து படுக்கவைத்த துரியோதனன் உருவைச் சுற்றி வீமன் ஓடி, அதன் தொடையைப் பிளப்பான். திரௌபதி, அள்ளி முடியாத கூந்தலை அங்கே முடிவாள். மாலையில் தீமிதி. விரதமிருந்து தீயில் இறங்குபவர் வெளியூர் நடிகர் அல்லர். அவ்வூர்க் குயவரும் நெசவாளரும் உழவரும் ஆவர். பதினெட்டு நாள் கேட்டும் கண்டும் இருந்தவர் இப்போது கதைக்குள்ளேயே வந்துவிடுகின்றனர்.

என் பாட்டியார் நகரியை அடுத்த சிற்றூரிற் பிறந்தவர். அவருக்குக் கையொப்பம் இடத் தெரியாது. ஆனால் பாரதத்தில் யார் யாருக்கு எம்முறை, எந்தச் சாபம் எங்கே பலித்தது என்பவற்றைத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்வார். மாமன் மச்சானுக்குள் நிலத்தகராறு என்றால், "ஐந்து ஊர் கேட்டவனுக்கு ஊசிமுனை நிலம் இல்லை என்றான்; அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்பார். அது புராணமன்று, வழக்குத் தீர்ப்பு.

எல்லாம் நன்மையே என்று நான் சொல்ல வரவில்லை. தபசு மரத்தடியில் பிள்ளைப்பேறு வேண்டிப் பெண்கள் மடியேந்தி அமர்ந்திருக்கும் காட்சியைக் காணும்போது, குழந்தை இன்மைக்குப் பெண்ணையே பொறுப்பாக்கும் பழக்கமும் அங்கே கற்பிக்கப்படுகிறது என்ற எண்ணம் எழாமல் இராது. எவ்விடத்தில் யார் நிற்பது என்னும் சாதி வரிசையையும் இவ்விழாக்கள் தலைமுறைகளுக்குக் கற்பித்து வந்துள்ளன. கூத்து வலிய ஆசிரியர். நல்லதை மட்டும் கற்பிக்கும் ஆசிரியர் அன்று.

வலிமை எங்கிருந்து வருகிறது என்பதே வினா. மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதுபோல, பாடத்தைக் களிப்பிற் குழைத்துக் கொடுப்பது என்று பலர் விளக்குவர். நானும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினேன். அந்நம்பிக்கையைக் கலைத்தவர் மேற்சொன்ன பாட்டியார்தாம்.

யான் மைய அரசின் மொழிபெயர்ப்பாளன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், குடிநீரைக் காய்ச்சிப் பருகுவது பற்றிய பதினைந்து நிமிட நாடகம் ஒன்றைத் தமிழாக்கினேன். எந்த அலுவலகத்துக்காக என்பது இங்கு வேண்டுவதில்லை. நாடகத்தில் ஒன்றும் அறியாத குடியானவர் ஒருவர். எல்லாம் அறிந்த அதிகாரி ஒருவர். தொடக்கத்தில் ஒரு பாட்டு. நடுவில் ஒரு நகைச்சுவை. மூன்றாம் நிமிடம் முதல் அதிகாரி பேசத் தொடங்கினால் முடிவு வரையில் அவரே பேசுவார். பதிவு செய்த நாடகத்தைப் பெருமையுடன் பாட்டியாருக்குப் போட்டுக் காட்டினேன். அமைதியாகக் கேட்டவர் இறுதியில், "ஏண்டா, இதிலே கட்டியக்காரன் எப்போ வருவான்?" என்றார்.

கட்டியக்காரனை அறியாத இளைய அன்பர்களுக்குச் சொல்கிறேன். கூத்தில் முதலில் வருபவனும் இடையிடையே வருபவனும் அவனே. அரசனுக்கு வாயில் காப்பவன். ஆனால் அரசனை நையாண்டி செய்யும் உரிமை பெற்றவன். துரியோதனன் தன் பெருமையை அடுக்கும்போது, "ஐயா, நேற்று வாங்கிய கடனை எப்போது தருவீர்?" என்று கேட்பான். கதைக்கு வெளியே வந்து ஊர்ச் சாலையைப் பற்றியும் வட்டிக்காரரைப் பற்றியும் பேசுவான். பார்ப்பவர் மனத்தில் எழுந்து வாய்க்கு வராமல் நிற்கும் வினாவை அவன் கேட்டுவிடுவான். என் நாடகத்து அதிகாரியைக் கேள்வி கேட்க எவரும் இல்லை. விறகு யார் கொடுப்பது, காய்ச்சிய நீர் ஆறும்வரை வயலில் இருப்பவன் என்ன குடிப்பது என்று கேட்டிருந்தால் அங்கேதான் பாடம் தொடங்கியிருக்கும். பாட்டும் நகைச்சுவையும் மேலே தடவிய தேனாக இருந்தனவே தவிர, கேட்பவருக்கு மறுமொழி கூறும் இடத்தைத் தரவில்லை.

இவ்வுண்மையை ஆந்திர நாட்டுப் புர்ரகதை மிகத் தெளிவாகக் காட்டும். அதில் மூவர் நிற்பர். நடுவில் தம்புரா ஏந்திக் கதை சொல்பவர். இருபுறமும் தோற்கருவி முழக்கும் துணைவர் இருவர். துணைவருள் ஒருவர் நகைச்சுவைக்கு உரியவர். மற்றவர் நாட்டு நடப்பைக் கதையோடு பொருத்திப் பேசுவதற்கு உரியவர். ஆகவே கதை, சிரிப்பு, சிந்தனை மூன்றும் மூன்று ஆட்களாக மேடையில் நின்று ஒருவரையொருவர் இடைமறிக்கின்றன. 1943இல் தோன்றிய பிரஜா நாட்டிய மண்டலி இவ்வடிவத்தைக் கையிலெடுத்து, பஞ்சத்தையும் நிலவுரிமையையும் பற்றி ஊரூராகப் பாடிற்று. ஷேக் நாஸர் இக்கலையின் பெரும் பெயர். 1986இல் பத்மஸ்ரீ பெற்றவர். அக்காலச் சென்னை மாகாண அரசு புர்ரகதைக்குத் தடை விதித்தது. வெறும் பொழுதுபோக்கு என்றால் தடை எதற்கு? நம் பக்கத்தில் கொத்தமங்கலம் சுப்பு காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாக்கியதும் இதே வழியில்தான். வில்லிசையில் "ஆமாம்" போடும் பின்பாட்டுக்காரர் இல்லையேல் கதை நகராது அல்லவா?

இனித் திருப்பதிக்குள் சென்று இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். தாள்ளப்பாக்கம் அன்னமாசாரியார் (1408-1503) வேங்கடவன்மீது பாடிய சங்கீர்த்தனங்களை அவர் வழியினர் செப்பேடுகளிற் பொறித்துத் திருமலைக் கோயிலில் ஓர் அறையில் வைத்தனர். இன்று கிடைப்பன 12,000க்கும் மேற்பட்டவை. அவை வழக்கிலிருந்து மறைந்து, 1922ஆம் ஆண்டளவிலே மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய அறிஞர் அவற்றைப் பதிப்பித்தனர். செப்பேட்டில் சொல் இருந்தது; இராகத்தின் பெயர் இருந்தது; மெட்டு இல்லை. அது பாடுவோர் வாயில் இருந்து, வாயோடு போயிற்று. சர்மா அவர்கள் பலவற்றுக்குப் புதிதாக இசையமைத்தார். 1978இல் தேவஸ்தானம் அன்னமாசாரியார் பெயரில் தனித் திட்டம் தொடங்கிற்று. 1980ஐ ஒட்டி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் பாடிய பாலாஜி பஞ்சரத்தினமாலை இசைத்தட்டுகள் வெளிவந்தபின்புதான், தெலுங்கு எழுத்தே அறியாத தமிழ் இல்லங்களிலும் அப்பாடல்கள் விடியற்காலையில் ஒலித்தன. செம்பு அழியாது என்று நம்பிப் பொறித்தனர். செம்பு அழியவில்லை, ஆனால் பாட வாய் இல்லாதபோது அது ஊமையாகவே கிடந்தது.

நாடக மேடை வளர்த்த வேறொருவரையும் சொல்லாமல் இவ்வூரை விட்டுச் செல்வது முறையன்று. சித்தூர் ராம விலாச சபை மேடையில் நடித்துப் பெயர் பெற்றதால் ஊர்ப்பெயரையே தம் பெயருக்கு முன் சுமந்தவர் வி. நாகய்யா (1904-1973). 1946இல் அவர் தாமே இயக்கி நடித்த தியாகய்யா, திருவையாற்று மகானின் வாழ்வை எழுதப் படிக்கத் தெரியாதோர்க்கும் கொண்டு சேர்த்தது.

வானொலிக்கு வருவோம். வானொலி ஒருவழிச் சாதனம். பேசுபவர் ஓரிடம், கேட்பவர் வேறிடம். இக்குறையை எப்படிப் போக்குவது என்பதற்கு 1956இல் புனே நிலையம் ஒரு சோதனை செய்தது. ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களில் கேட்போர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை அரைமணி நேர நிகழ்ச்சி, மொத்தம் இருபது. நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு மன்றத்தார் விவாதிப்பர். ஐயங்களை நிலையத்துக்கு எழுதுவர். அடுத்தடுத்த ஒலிபரப்புகளில் விடை வரும். 1959இல் இம்முறை நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. நம் தஞ்சைத் தரணியில் 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல், திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பால் பரவி, "ரேடியோ நெல்" என்றே பெயர் பெற்றது. பகற்கதை, இரவுக்கூத்து, மறுநாள் வழக்கு என்று பாரதத் திடலில் நிகழ்ந்ததைப் புனே நிலையம் வேறு கருவியால் செய்தது என்பதே என் கருத்து.

ஆனால் கேட்பவர் உண்மையாகவே மறுமொழி சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும்? பழைய சித்தூர் மாவட்டத்துக்கு அண்டையிலிருந்த நெல்லூர் மாவட்டம் இதற்கு விடை தந்தது. 1991இல் அங்கே அட்சர தீபம் என்னும் முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கிற்று. வெறும் வகுப்பு என்றால் வர மறுத்தவர்களைப் பாட்டும் வீதி நாடகமுமாக வந்த கலைக்குழுக்கள் திடலுக்கு இழுத்தன. பாட நூலில் சீதம்மா கதை என்றொரு பாடம்: ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடிச் சாராயக் கடையை மூடச்செய்த கதை. தூபகுண்டா என்னும் சிற்றூரில் அதைப் படித்த பெண்கள், "கதையில் நடந்தது இங்கே ஏன் நடக்கக் கூடாது?" என்று எழுந்தனர். வர்தினேனி ரோசம்மா முதலியோர் முன்னின்றனர். கடை மூடிற்று. 1992இல் அக்கிளர்ச்சி ஊர்விட்டு ஊர் பரவிச் சாராய ஏலங்களைத் தடுத்து நிறுத்தியது; சித்தூர் மாவட்டத்துக்கும் வந்தது. 1993 அக்டோபர் முதல் நாளன்று மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்து, 1997இல் தளர்த்தப்பட்டது. எழுத்தறிவிக்க வந்தவர்கள் கள்ளுக்கடைக் கணக்கை எதிர்பார்த்து வரவில்லை. அரசு நூலில் இருந்த ஒரு கதையே அரசின் வருவாயில் கைவைத்தது. பிற்பாடு அப்பாடம் நூலில் நீடிக்க வேண்டுமா என்றே பேச்செழுந்தது. புர்ரகதையைத் தடைசெய்த அச்சமும் இவ்வச்சமும் ஒன்றே.

மதனப்பள்ளிப் பக்கத்து ரிஷி பள்ளத்தாக்கில் 1987 முதல் நடந்துவரும் கிராமப் பள்ளி முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லி அமைகிறேன். ஒரே ஆசிரியர், பல வகுப்புக் குழந்தைகள். படம் வரைந்த அட்டைகள், பாட்டு, பொம்மலாட்டம், ஊர்த் தாய்மார் சொல்லும் கதைகள். குழந்தை தன் படியில் தானே ஏறும். சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே சென்று கற்றுவந்ததன் விளைவாக 2003இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றிலும், 2007இல் தமிழ்நாடெங்கும் செயல்வழிக் கற்றல் வந்தது. ஒருகாலத்தில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மலையடிவாரம் ஒன்று தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளை மாற்றியது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்பீர்கள். என் வீட்டுச் செய்தியையே சொல்கிறேன். என் மகள் தில்லியில் வளர்பவள். தமிழ் பேசுவாள், படிக்கமாட்டாள். ஞாயிறுதோறும் எங்கள் குடியிருப்பில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு அவளை அழைத்துச் செல்வதற்குள் வீட்டில் ஒரு குருட்சேத்திரம் நடந்துவிடும். ஓராண்டு கோடை விடுமுறையில், எழுத்துப் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு, சூதாட்டச் சருக்கத்தைக் காலையில் ஒருவர் கதையாகச் சொல்வது, மாலையில் குழந்தைகள் நடிப்பது என்று வைத்தோம். அவளுக்குக் கட்டியக்காரன் வேடம். சகுனியை இந்தியிலும் கிண்டல் செய்யலாம் என்று விட்டுவிட்டோம். முதல் வாரம் தன் வசனத்தைத் தேவநாகரி எழுத்தில் எழுதிவைத்துப் படித்தாள். தமிழில் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் அவ்வெழுத்தில் வேறுபாடு காட்ட முடியாமல் சகுனி சொன்ன சொல் வேறு பொருளாகிக் கூட்டம் சிரித்தது. அது அவள் எண்ணிய இடத்திற் சிரித்த சிரிப்பன்று. அடுத்த வாரம் தானே தமிழ் எழுத்துப் பலகையைக் கேட்டு வாங்கினாள். இன்றும் அவள் தமிழ் நாளிதழைத் தட்டுத்தடுமாறித்தான் படிக்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை நின்றது.

2008இல் தொடங்கிய தேவஸ்தானத் தொலைக்காட்சி வழியாகச் சொற்பொழிவும் இசையும் இன்று எங்கிருந்தும் கேட்கலாம். கைப்பேசியில் கூத்தும் காணலாம். வேண்டுமளவு காணுங்கள். எனினும் தருமன் ஆடியது சரியா என்று பக்கத்தில் இருப்பவரோடு வழக்காட அங்கே திடல் இல்லை.

கோடையில் ஊர் திரும்பும் அன்பர்கள் திருமலைத் தரிசனத்துக்குப்பின் ஒருநாள் மிச்சம் வைத்துக்கொள்வது நலம். பாரதம் எவ்வூரில் என்பது ஆண்டுதோறும் மாறும். திருப்பதி, புத்தூர், நகரிப் பேருந்து நிலையங்களில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிற்பகலில் கதை கேட்டு, மாலையில் சற்று உறங்கி, இரவு போர்வையோடு திடலுக்குச் செல்க. முன்வரிசையில் குழந்தைகள் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் அமர்ந்தால், அடுத்து யார் வருவார் என்பதை அவர்களே உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.